கடலோரக் காட்டுப்பூவுக்குப் பெயர் கண்டறிவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரை மணலில் தானாக முளைத்துப் பூத்திருக்கும் ஒரு செடிக்குப் பெயர் தேடுகிறவருக்குத் தொடக்கத்திலேயே ஓர் அனுகூலம் இருக்கிறது. உப்புக்காற்றையும் கொதிக்கும் மணலையும் நன்னீர்ப் பஞ்சத்தையும் தாங்கி நிற்கக்கூடிய செடிகள் மிகச் சிலவே என்பதால், அலை விளிம்பில் காணும் செடி எதுவாக இருக்கலாம் என்ற பட்டியல், ஒரு காட்டிலோ வயல்வரப்பிலோ கிடைக்கும் பட்டியலைவிடப் பன்மடங்கு சிறியது. அவற்றுள் பலவற்றின் விதைகள் கடல்நீரில் மிதந்தே பரவுகின்றன. ஆகவே ஒரு வெப்பமண்டலக் கடற்கரையில் கற்றுக்கொண்ட செடியை, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மற்றொரு வெப்பமண்டலக் கடற்கரையிலும் கண்டுகொள்ள முடியும்.

சிக்கலும் இதே காரணத்திலிருந்துதான் வருகிறது. ஒரே வகையான இன்னலுக்கு ஈடுகொடுத்து வாழ வேண்டியிருப்பதால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களைச் சேர்ந்த செடிகள்கூட தடித்த இலை, தரையோடு படரும் தண்டு, வெளிறிய மெழுகுப் பூச்சு என்று ஒரே சாயலுக்கு வந்துவிடுகின்றன. பூவின் நிறமும் உதவுவதில்லை. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூவைத் தாங்கி மணலில் படர்ந்திருக்கும் செடி, இபோமியா இனத்தைச் சேர்ந்த அடம்பு என்னும் கொடியாக இருக்கலாம். அவரைக் குடும்பத்துக் கொடியாக இருக்கலாம். செசூவியம் என்னும் சதைப்பற்றுச் செடியாகவும் இருக்கலாம். எனவே நிறத்தைக் கடைசிச் சான்றாகத் தள்ளி வைத்துவிட்டு, இடம், வளரும் முறை, இலையும் கணுவும், பூவின் அமைப்பு, காய் என்ற வரிசையில் பார்ப்பதே நம்பகமான வழி. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். பூவைப் பார்த்தவுடன் மனம் ஒரு பெயரைப் பற்றிக்கொண்டால், அதன் பிறகு பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாதகமாகவே தெரியும்.

புறப்படும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறிய அளவுகோல், குறிப்பேடு, பென்சில், கைபேசிக் கேமரா ஆகியவை போதும். பேனா மை ஈரக்காற்றில் கசியும் என்பதால் பென்சிலே நல்லது. ஓத நேரங்களை (கடல் ஏறி இறங்கும் நேரங்களை) முன்கூட்டியே பார்த்து, கடல் உள்வாங்கும் வேளையில் செல்வது பாதுகாப்புக்கும் நல்லது, பார்க்கக் கிடைக்கும் நிலப்பரப்பும் அதிகம். காலை வேளையே சிறந்தது. அடம்பின் பூ காலையில் விரிந்து, பிற்பகலுக்குள் சுருண்டு, ஒரே நாளில் முடிந்துவிடும். இதற்கு மாறாக, அதே இனத்தைச் சேர்ந்த இபோமியா வயலேசியாவின் பெரிய வெள்ளைப் பூ இரவில்தான் மலரும். ஆகவே காலையில் சுருங்கிய வெள்ளைப் பூக்களை மட்டுமே கண்டால் செடியை விட்டுவிடாமல், அந்தியில் மறுபடியும் சென்று பார்க்க வேண்டும்.

செடியைப் பிடுங்கக் கூடாது. மணல்மேட்டைக் கட்டி வைத்திருப்பவையே இந்த வேர்கள்தான். ஓர் இலையும் உதிர்ந்த ஒரு பூவும் கிடைத்தால் ஆய்வுக்குப் போதுமானது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அதையும் எடுக்காமல் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதற்படி: செடி நிற்கும் இடம்

"கடற்கரை" என்று மட்டும் எழுதிக்கொண்டால் அந்தக் குறிப்பால் பயனில்லை. அலை ஒதுக்கிய கடற்பாசியும் சருகும் வரிசையாகக் கிடக்கும் கோட்டிலா, அதற்கு மேலே புதிதாகக் குவியத் தொடங்கிய சிறு மணல்திட்டிலா, நிலைபெற்ற மணல்மேட்டின் பின்சரிவிலா, உப்புப் பூத்த களிமண் தரையிலா, அலையாத்திச் சேற்றிலா, பாறை இடுக்கிலா என்று குறிக்க வேண்டும். உயர் ஓதக் கோட்டிலிருந்து ஏறத்தாழ எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு குறிப்பே பல பெயர்களை ஒதுக்கிவிடும். சருகு ஒதுங்கும் கோட்டில் ஓராண்டுச் செடிகளே மிகுதி. அலை அடிக்கடி புரட்டிப் போடும் அந்த இடத்தில் மரமோ புதரோ நிலைப்பது அரிது. ஐரோப்பியக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட காகிலே மாரிட்டிமா என்னும் கடுகுக் குடும்பத்துச் செடி அங்கேதான் வளரும். முன்மணல்மேட்டை நீண்டு படரும் கொடிகளும் இராவணன் மீசை போன்ற புற்களும் பிடித்துக்கொள்கின்றன. உவர்க்களியில் இலையே இல்லாததுபோல் தோன்றும் சதைப்பற்றான, கணுக்கணுவான தண்டைக் கண்டால், அது சாலிகார்னியா வகை என்று பெரும்பாலும் துணியலாம். அதன் பூக்கள் தண்டுக்குள்ளேயே புதைந்து கிடப்பதால் பூக்காத செடி என்று பலரும் கடந்துபோய்விடுகிறார்கள்.

இரண்டாம் படி: வளரும் முறை

நிமிர்ந்து நிற்கிறதா, படர்கிறதா, பற்றி ஏறுகிறதா என்று பாருங்கள். படருமானால், கணுக்களில் வேர்விட்டிருக்கிறதா என்பதை மணலை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்து, மறுபடியும் மூடிவிடுங்கள். தண்டு மரத்தன்மை உள்ளதா, அழுத்தினால் நசுங்கும் சதைப்பற்றா என்பதும் இங்கேயே குறிக்க வேண்டியது.

மூன்றாம் படி: இலையும் கணுவும்

புதியவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பூ சில வாரங்களுக்கு மட்டுமே இருக்கும். இலை ஆண்டின் பெரும்பகுதியிலும் இருக்கும். ஆகவே இலையைக் கொண்டு அறியப் பழகியவருக்குப் பருவம் ஒரு தடையாக இராது.

ஒரு கணுவில் ஓர் இலையா, எதிரெதிராக இரண்டா என்பது முதற்கேள்வி. இரண்டாக இருந்தால் அவை அளவில் சமமா என்றும் பாருங்கள். மணலில் படரும் சதைப்பற்றுச் செடிகள் மூன்றைப் புதியவர்கள் ஓயாமல் மாற்றிச் சொல்கிறார்கள். செசூவியம் போர்ட்டுலகாஸ்ட்ரத்தில் எதிரெதிர் இலைகள் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். சாரணையிலும் இலைகள் எதிரெதிர்தான், ஆனால் ஒவ்வோர் இணையிலும் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். பூவும் இலைக்காம்பின் அடியுறைக்குள் பாதி மறைந்திருக்கும். பருப்புக்கீரையும் அதன் உறவுச் செடிகளும் மூன்றாவது வகை. அவற்றின் பூவுக்கு அடியில் இரண்டே புல்லிகள், அதாவது பூவைச் சுற்றிய வெளியிதழ்கள், இருக்கும். செசூவியத்திலோ அல்லி, அதாவது உள்வட்ட நிற இதழ்கள், என்று தனியாக எதுவும் இல்லை. இருக்கும் ஒரே வட்டத்து ஐந்து இதழ்களும் உட்புறம் இளஞ்சிவப்பும் வெளிப்புறம் பச்சையுமாக இருந்து, ஒவ்வோர் இதழின் முதுகிலும் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். கைலென்ஸால் அந்தக் கொம்பைப் பார்த்துவிட்டால் வேறு ஐயத்துக்கு இடமில்லை. மூன்றிலும் காய் மூடி திறப்பதுபோல் குறுக்கே வெடிக்கும் என்பதால், இங்கே காயை நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது.

அடுத்து, இலை தனியிலையா கூட்டிலையா என்று தீர்மானிக்க வேண்டும். மூன்று சிற்றிலைகள் ஒரே காம்பில் இருந்தால், அவரைக் குடும்பத்தை முதலில் நினைக்கலாம். ஐயம் வந்தால் இலைக்கோணத்தைத் தேடுங்கள்: இலைக்காம்பும் தண்டும் சேரும் மடிப்பில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் அடியில் மொட்டு இராது. இலையடிச்செதில், விளிம்பின் வளைவு, அடிப்பக்கத்து மயிர், காம்பில் சுரப்பி ஆகியவற்றையும் பாருங்கள். இலைமீது வெண்பொடி கண்டால் விரலால் தேய்த்துப் பாருங்கள். மெழுகு வழுக்கும், மயிர் நெருடும், உப்புப்படிகம் நொறுநொறுவென்று உதிரும். உப்பை இலைவழியே வெளியேற்றும் சுரப்பிகள் லிமோனியம் என்னும் உவர்நிலச் செடியிலும் சில அலையாத்தி மரங்களிலும் உண்டு. மற்றச் செடிகளின்மேல் அலைத்தூவானம் காய்ந்த உப்பும் படிந்திருக்கலாம் என்பதால் இதை ஒரு துணைச்சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

கடைசியாக, இலையின் ஓரத்தைச் சிறிது கிள்ளி, பால் வடிகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பால், நிறமற்ற நீர், ஒன்றுமில்லை என்ற மூன்றில் எது என்பது குடும்பத்தைக் கண்டறியப் பெரிதும் உதவும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் தேவை. அலையாத்திக் காடுகளின் ஓரத்தில் வளரும் தில்லை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். உவர்நீர்க் கரைகளில் வளரும் செர்பெரா இனத்து மரங்களுக்கு அழகிய வெள்ளைப் பூக்களும், பச்சையாக உருண்ட காய்களும் உண்டு. அவற்றின் விதை இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு. ஆகவே மரத்திலும் பெரிய புதரிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பால் பட்ட கையைக் கண்ணருகே கொண்டுசெல்லாமல் உடனே கழுவுங்கள். எந்தச் செடியையும் சுவைத்துப் பார்த்துப் பெயர் காண முயலாதீர்கள்.

நான்காம் படி: பூவை எண்ணுவது

இப்போது பூவுக்கு வரலாம். நிறத்தை எழுதும் முன் எண்ணிக்கையை எழுதுங்கள். மூன்றும் ஆறுமாக வந்தால் பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரம். நான்கு தனி இதழ்களும், நான்கு நெட்டையும் இரண்டு குட்டையுமான மகரந்தத்தாள்களும் என்றால் கடுகுக் குடும்பம். ஐந்து என்றால் வாய்ப்புகள் பல, ஆகவே மேலும் பார்க்க வேண்டும். இதழ்கள் தனித்தனியா, அடியில் ஒன்றுகூடிக் குழலாகியிருக்கின்றனவா? பூவை எந்தத் திசையில் நெடுக வெட்டினாலும் இரு சமபாதிகள் கிடைக்குமா, ஒரே ஒரு கோட்டில்தான் கிடைக்குமா? மகரந்தத்தாள்கள் எத்தனை, எதனோடு ஒட்டியிருக்கின்றன?

ஆறு வெள்ளை இதழ்களோடு கிழங்கிலிருந்து எழும் கடலோரப் பூக்கள் இதற்கு நல்ல பயிற்சி. விஷமூங்கில் என்று வழங்கும் கிரைனம் ஏசியாட்டிகத்தில் ஆறு மகரந்தத்தாள்களும் தனித்தனியாக நீண்டு நிற்கும். மத்தியதரைக்கடற் கரைகளில் பூக்கும் பங்கிராசியம் மாரிட்டிமத்தில் அவற்றின் அடிப்பகுதிகள் இணைந்து ஒரு வெள்ளைக் கிண்ணமாகியிருக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் மணக்கும். கிண்ணம் உண்டா இல்லையா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

மஞ்சள் நிறப் பூ என்று தோன்றுவது, பல சிறு பூக்கள் நெருங்கிய ஒரு தலையாக இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் கடலோரத்திலும் உண்டு. அந்தத் தலையைப் பிரித்துப் பார்த்து, எல்லாமே நாக்கு வடிவப் பூக்களாக இருந்து, தண்டிலும் பால் வந்தால் லானியா என்னும் இனம் அடங்கிய பிரிவு. நடுவில் குழல்பூக்களும் சுற்றிலும் நாக்குப் பூக்களுமாக இருந்து, பால் வராவிட்டால் வேறு பிரிவு. தோட்டத்திலிருந்து தப்பிய ஸ்பக்னெட்டிகோலா என்னும் தரைபடர் செடி இரண்டாவதைச் சேர்ந்தது. பல வெப்பமண்டலக் கரைகளில் பரவியிருப்பதால் அதைக் கடலோரத்துக்கே உரிய செடி என்று எண்ணிவிடுவது எளிது.

ஐந்தாம் படி: காய்

பூவோடு மட்டும் நின்றுவிடுகிறவர்கள் தவறவிடும் சான்று காயில் இருக்கும். ஸ்கேவோலா இனத்துப் புதரில் பூ பாதி கிழிந்ததுபோல் இருக்கும். குழல் ஒரு பக்கம் அடிவரை பிளந்து, ஐந்து மடல்களும் மறுபக்கத்துக்கே விரிந்திருக்கும். இந்தப் பாதிப் பூவைக் கண்டாலே இனத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் கடலோர மணலில் பரவலாக வளரும் ஸ்கேவோலா டக்காடாவையும் ஸ்கேவோலா ப்ளூமியேரியையும் பிரிக்கப் பூவைவிடப் பழமே தெளிவாக உதவுகிறது. முன்னதன் பழம் முற்றியதும் வெள்ளையாகவும், பின்னதன் பழம் கருமையாகவும் இருக்கும். காகிலேயின் காயும் இப்படித்தான் தனித்துத் தெரியும்: இரண்டு கணுக்களாக இருந்து, மேற்கணு கழன்று கடலில் மிதந்துபோகும், கீழ்க்கணு தாய்ச்செடியிலேயே தங்கிவிடும். செடியில் காய் இல்லையென்றால் அதன் அடியில் மணலில் தேடுங்கள். போன பருவத்துக் காய்கள் பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

ஓர் ஒத்திகை

மேற்சொன்ன படிகளை ஒரு கொடியில் வைத்துப் பார்ப்போம். முன்மணல்மேடு, உயர் ஓதக் கோட்டுக்குச் சற்று மேலே பல மீட்டர் நீளத்துக்கு நேர்கோடுபோல் ஓடும் ஒரு கொடி, கணுக்களில் வேர். கணுவுக்கு ஓர் இலைதான். இலை தனியிலை, தோல்போல் தடிப்பு, நுனியில் பிளவு. அதனால் இலை ஆட்டின் குளம்பைப் போலத் தெரிகிறது. இலைத்தாளும் காம்பும் சேரும் இடத்தில் கைலென்ஸை வைத்தால் இருபுறமும் ஒவ்வொரு சிறு சுரப்பி தெரிகிறது. பெரும்பாலும் ஓர் எறும்பாவது அங்கே நின்றுகொண்டிருக்கும், ஏனெனில் அவை தேன் சுரப்பவை. கிள்ளினால் வெள்ளைப் பால். பூவில் ஐந்து இதழ்களும் ஒன்றாகக் கூடிப் புனல் வடிவாகியிருக்கின்றன. ஐந்து மடிப்புக் கோடுகள் விளிம்புவரை ஓடுகின்றன. தொண்டை மேலும் அடர்ந்த ஊதா. காய் உருண்டை, உலர்ந்து வெடிப்பது. உள்ளே பழுப்பு மயிர் போர்த்த நான்கு விதைகள்.

இத்தனையும் பொருந்தினால் அது அடம்பு, அதாவது இபோமியா பெஸ்-காப்ரே. ஆனால் பொருந்தும் செடியைக் கண்டதோடு வேலை முடிவதில்லை. அதனோடு குழம்பக்கூடிய மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கனவாலியா ரோசியா என்னும் வாளவரை இனத்துக் கொடி அடம்போடு பின்னிப்பிணைந்தே வளரும். சிற்றிலைகளின் நுனியும் சில வேளைகளில் உள்வாங்கியிருக்கும். பூவும் அதே நிறம். அதற்கு மூன்று சிற்றிலைகள், பாலில்லை, பூ அவரைப் பூவின் அமைப்பில் தலைகீழாகத் திரும்பியிருக்கும், காய் தடித்த நீள நெற்று. இபோமியா இம்பெராட்டி அடம்பின் நெருங்கிய உறவு. பூ வெள்ளை, தொண்டை மஞ்சள், இலை சிறியது, ஒரே கொடியிலேயே பல வடிவங்களில் வரும். மிதவெப்பக் கரைகளில் வளரும் கேலிஸ்டீஜியா சோல்டனெல்லாவுக்கும் இளஞ்சிவப்புப் புனல்பூதான். ஆனால் இலை சிறுநீரக வடிவம், புல்லிகளை இரண்டு அகன்ற பூவடிச்செதில்கள் மூடியிருக்கும், சூல்முடியின் (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் நுனியின்) இரு கிளைகளும் நீள்வடிவம். இபோமியாவில் சூல்முடி உருண்டையாக இருக்கும். இப்படி மூன்றையும் விலக்கிய பிறகு எழுதும் பெயருக்கும், முதற்பார்வையில் எழுதும் பெயருக்கும் எழுத்து ஒன்றாக இருந்தாலும் மதிப்பு ஒன்றல்ல.

இன்னும் ஒரு நுட்பம். அடம்பின் இலைப்பிளவு எல்லாக் கரைகளிலும் ஒரே ஆழத்தில் இராது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய கிளைவகையில் பிளவு ஆழமாகவும், பசிபிக், அட்லாண்டிக் கரைகளின் கிளைவகையில் மேலோட்டமாகவும் இருக்கும். ஆகவே படத்தில் கண்ட பிளவைவிட உங்கள் செடியில் குறைவாக இருக்கிறது என்பதற்காகவே அதை வேறு செடி என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே கொடியின் இளந்தளிரில் பிளவு தெரியாமலும் இருக்கலாம்; முற்றிய இலைகள் பலவற்றைப் பார்த்தே எழுத வேண்டும்.

படம், செயலி, பெயர்

படம் எடுக்கும்போது பூவை மட்டும் நெருங்கி எடுப்பது பெரும்பாலோர் வழக்கம். பெயர் சொல்ல அது போதவே போதாது. செடி முழுவதும் அது நிற்கும் இடத்தோடு, இலையின் மேற்புறம், அடிப்புறம், கணு, பூவின் முகம், பக்கவாட்டு, பின்புறம், காய் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். ஒன்றிலாவது அளவுகோல் தெரியட்டும். பூவின் பின்புறப் படத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், புல்லிகள் தெரிவதோ அதில்தான்.

அதன் பிறகே செயலியைத் திறக்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்றவை படத்தைப் பார்த்துச் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். அவற்றை விடை என்று கொள்ளாமல், உங்கள் குறிப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டிய பெயர்ப்பட்டியல் என்று கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத்தரம் பெற, நாளும் இடமும் படமும் இருப்பதோடு, குறைந்தது இரண்டு பேராவது பார்த்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெயரில் உடன்பட வேண்டும். கடலோரச் செடிகளில் ஒருவர் சொன்னதை மற்றொருவர் அப்படியே ஆமோதிப்பதும் உண்டு என்பதால், அந்தத் தரத்தைப் பெற்ற பதிவையும் உங்கள் கண்ணால் சரிபார்ப்பது நல்லது.

தாவர நூல்களைப் புரட்டும்போது ஒரே செடிக்கு வெவ்வேறு அறிவியல் பெயர்கள் வந்தால் திகைக்க வேண்டியதில்லை. அடம்புக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட பெயர் கன்வால்வுலஸ் பெஸ்-காப்ரே. மற்றொரு தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1818இல் அதை இபோமியாவுக்கு மாற்றினார். கனவாலியா ரோசியாவைப் பழைய நூல்களில் கனவாலியா மாரிட்டிமா என்றும், ஸ்கேவோலா டக்காடாவை ஸ்கேவோலா செரிசியா என்றும் காணலாம். இப்போது ஏற்கப்படும் பெயர் எது என்பதை லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் இணையத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நாட்டுப் பெயரை மட்டும் எழுதி நிறுத்துவது போதாது. ஒரே நாட்டுப் பெயர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு செடிகளைக் குறிக்கும்.

எல்லாம் பார்த்த பிறகும் இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே முடிவு கிட்டாமல் போகலாம். அப்போது எது உறுதியோ அதுவரை மட்டும் எழுதுங்கள்: இனம் உறுதியென்றால் இனத்தின் பெயர், அதுவும் இல்லையென்றால் குடும்பம். அதன் கீழே எந்தச் சான்று கிடைக்கவில்லை என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். "ஸ்கேவோலா, பழம் காணவில்லை" என்று எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு, பழுக்கும் பருவத்தில் அதே புதரிடம் சென்று ஒரே பார்வையில் முடித்துவிடலாம், உறுதியில்லாமல் எழுதிய முழுப்பெயரையோ, பின்னால் வருகிறவர் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும்.